வகுப்பறையில் மறையும் ஒற்றெழுத்து

‘சொல்வதை எழுதுதல்’ தாள்களைத் திருத்தும்போது நாம் அடிக்கடி காணும் பிழைகள் சில உண்டு. ‘பட்டம்’ என்று சொன்னதைப் ‘படம்’ என்று எழுதியிருப்பார்கள். ‘அட்டை’ ‘அடை’ ஆகியிருக்கும். ‘பச்சை’ ‘பசை’ ஆகியிருக்கும். ‘கொடி’ ‘கோடி’யாக நீண்டிருக்கும். பயிற்சி போதவில்லை, கவனம் இல்லை என்று காரணத்தை மாணவரிடமே தேடுவது வழக்கம். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் தேட வேண்டிய இன்னோர் இடமும் உண்டு. அது நாம் நின்று பேசும் அறை.

கடலூரை அடுத்த திருவந்திபுரம் பகுதியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எதிரொலி, எதிர்முழக்கம் என்ற இரண்டையும் ஒலிப் பாடத்தில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். பெரிய அரங்குகளின் சுவர்களில் ஒலியை உறிஞ்சும் பொருள்களைப் பொருத்துவார்கள் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பாடம் நடக்கும் அறைக்கே அது பொருந்துமா என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லை விழுங்கும் முழக்கம்

நாம் பேசும் ஒலி நேராக மாணவரின் காதுக்குச் செல்கிறது. அதே ஒலி சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுத் திரும்பித் திரும்பி, சற்றுப் பின்தங்கி மீண்டும் மீண்டும் வந்து சேர்கிறது. திரும்பி வரும் ஒலி பத்தில் ஒரு நொடிக்குப் பின் வந்தால் அதைத் தனியாக எதிரொலி என்று கேட்கிறோம். அதற்குச் சுவர் ஏறத்தாழ 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நம் வகுப்பறை அவ்வளவு பெரிது இல்லை. எனவே எதிரொலி கேட்பதில்லை. அதற்குப் பதிலாக எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரு முழக்கமாக நீள்கிறது. இதுவே எதிர்முழக்கம்.

இது தமிழுக்கு என்ன செய்கிறது? ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘பட்டம்’ என்னும்போது ‘ப’ முடிந்ததும் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் ஒலியே இல்லை. அந்தச் சிறு அமைதிதான் ‘ட்’ என்ற ஒற்று. ஒற்றுக்கு அரை மாத்திரை என்று இலக்கணத்தில் கற்பிக்கிறோமே, அந்த அரை மாத்திரையின் பெரும்பகுதி மௌனம்.

முழக்கம் நிறைந்த அறையில் அந்த மௌனம் மௌனமாக இருப்பதில்லை. ‘ப’வின் வால் அதற்குள் புகுந்து நிரப்பிவிடுகிறது. ஆசிரியர் ஒற்றைச் சரியாகத்தான் உச்சரித்தார்; கடைசி வரிசைக் குழந்தையின் காதுக்கு அது வந்து சேரவில்லை. குறில் நெடிலாகக் கேட்பதும் இவ்வாறுதான்: ‘கொடி’யில் உள்ள குறிலின் ஒலி தேவைக்கு மேல் நீண்டுவிடுகிறது.

உயிரெழுத்துகள் வலுவான ஒலிகள். மெய்கள் அவற்றை நோக்க மெலிந்தவை, குறுகியவை. ஆகவே முழக்கத்தில் முதலில் மறைவது மெய்களே. ல, ள, ழ வேறுபாடு மறைந்து போவதற்கும் இதில் பங்கு உண்டு. சொல்வளம் நிறைந்த பெரியவர்கள் விடுபட்ட ஒலியைத் தாமே நிரப்பிக்கொள்வார்கள். அந்தச் சொல்லை இப்போதுதான் கற்கும் குழந்தையால் அது முடியாது. நமக்குத் தெளிவாகக் கேட்கும் அறை குழந்தைக்கும் தெளிவாகக் கேட்கிறது என்று கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

குரலை உயர்த்தினால் சரியாகுமா? வெளிச் சத்தம் மட்டுமே சிக்கல் என்றால் ஓரளவு உதவும். முழக்கத்துக்கு உதவாது. குரலை உயர்த்தும்போது முழக்கமும் அதே அளவு உயர்கிறது. ஒலிபெருக்கி வைத்தாலும் இதே கதைதான். ‘சத்தம் கேட்குது சார், என்ன சொல்றீங்கன்னு புரியலை’ என்று பின்வரிசை சொல்வது அறிவியல்படி துல்லியமான கூற்று. நம் தொண்டை கட்டுவதுதான் மிச்சம்.

ஒரு வகுப்பறையில் பிறந்த சூத்திரம்

அறை ஒலியியல் என்ற துறையே ஒரு வகுப்பறைக் குறையிலிருந்துதான் பிறந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அறையில் பேச்சு எதுவும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. காலியான அறையில் ஒரு சொல்லின் முழக்கம் 5.5 நொடி வரை நீடித்தது. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைப் பேசிவிடுவார்.

சபைன் ஊர் அடங்கிய நள்ளிரவுகளில் வேலை செய்தார். அருகில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து அறையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்க நேரம் குறைந்தது. அந்த அளவீடுகளிலிருந்து வந்ததுதான் இன்றும் பயன்படும் சபைன் சூத்திரம்:

முழக்க நேரம் (நொடி) = 0.161 × அறையின் கன அளவு (கன மீட்டர்) ÷ மொத்த ஒலி உறிஞ்சுதல்

ஒலி ஆற்றல் பத்து இலட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபல் குறைய ஆகும் நேரத்தையே இங்கு முழக்க நேரம் என்கிறோம். உறிஞ்சுதலுக்குச் சபைன் எடுத்துக்கொண்ட அலகு அழகானது: திறந்த சன்னல். திறந்த சன்னலில் பட்ட ஒலி வெளியே போய்விடும், திரும்பாது. எனவே ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஓர் அலகு. பூசி வண்ணம் அடித்த சுவர் தன்மேல் படும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மீதியைத் திருப்பி அனுப்பிவிடும்.

நம் அறைக்கு ஒரு கணக்கு

6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம் உள்ள கான்கிரீட் வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். நம்மில் பலர் பாடம் நடத்தும் 20 அடிக்கு 20 அடி அறை இதுதான். கன அளவு சுமார் 115 கன மீட்டர். தரை, கூரை, நான்கு சுவர்கள் சேர்ந்த பரப்பு சுமார் 149 சதுர மீட்டர்.

சன்னல், கதவு மூடிய காலி அறை: சராசரியாக 3 விழுக்காடு உறிஞ்சினால் மொத்தம் 4.5 அலகு. முழக்க நேரம் சுமார் 4 நொடி.

நான்கு சன்னல்களும் கதவும் திறந்தால்: மேலும் 7.7 அலகு. முழக்க நேரம் 1.5 நொடி.

30 மாணவர் வந்து அமர்ந்தால்: ஒருவருக்கு 0.3 என்று கொண்டு மேலும் 9 அலகு. முழக்க நேரம் 0.9 நொடி.

உலக நலவாழ்வு நிறுவனம் 1999-இல் வெளியிட்ட சமுதாய இரைச்சல் வழிகாட்டுதலில் வகுப்பறையின் முழக்க நேரம் ஏறத்தாழ 0.6 நொடி இருக்க வேண்டும் என்கிறது. கணக்கின்படி இதற்கு இன்னும் 10 அலகு தேவை. படும் ஒலியில் பாதியை உறிஞ்சும் பொருளைப் பின்சுவர் முழுவதும் பொருத்தினால் (6 × 3.2 = 19 சதுர மீட்டர்) அந்த 10 அலகு கிடைத்துவிடும். ஒரே ஒரு சுவர் போதும் என்பதுதான் இந்தக் கணக்கு தரும் நம்பிக்கை.

ஓலை போய்க் கான்கிரீட் வந்தது

நம் மூத்த ஆசிரியர்களில் சிலர் ஓலைக் கூரையின் கீழ் பாடம் நடத்தியவர்கள். ஓலையும் மண்தரையும் ஒலியை நன்றாக உறிஞ்சும். அங்கே முழக்கம் என்ற பேச்சே இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் ஓலைக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதன்பின் தமிழகப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் அகற்றப்பட்டன. எங்கள் மாவட்டத்தில் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், காற்றுக்கும் உறுதியான கட்டடமே துணை என்று காட்டியது. கான்கிரீட் சரியான முடிவு. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. அதனுடன் சேர்ந்து வந்த முழக்கத்தைக் குறைப்பது மட்டுமே நமக்கு மீதமுள்ள வேலை.

கும்பகோணத்தை இங்கு நினைவுகூர இன்னொரு காரணமும் உண்டு. ஒலி உறிஞ்சும் பொருள்களில் பல எளிதில் தீப்பற்றுபவை. பஞ்சு போன்ற ஃபோம் தாள்களைச் சுவர் முழுக்க ஒட்டுவது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் தீர்வு. அது வேகமாக எரியும். நச்சுப் புகை கக்கும். குழந்தைகள் அமரும் அறைக்கு அது வேண்டவே வேண்டாம்.

முகூர்த்த நாள் வந்தால்

திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாள்களில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் நடப்பது உண்டு. அன்று ஊரே மேளமும் நாதஸ்வரமும் வாகன ஒலிப்பான்களுமாக இருக்கும். நாதஸ்வரம் கோயில் பிரகாரத்துக்கும் வீதிக்கும் உரிய கருவி; திறந்த வெளியில் தொலைவுக்குக் கேட்க வேண்டும் என்றே அமைந்தது. அது வகுப்பறைச் சன்னல் வழியாக வருவதில் வியப்பில்லை. உங்கள் ஊரில் அது பேருந்து நிலையமாகவோ நெல் அரவை ஆலையாகவோ இருக்கலாம்.

பாடம் நடக்கும்போது அறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஆசிரியரின் குரல் அதைவிட 15 டெசிபல் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது மேற்சொன்ன வழிகாட்டுதல். தடையற்ற வெளியில் தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் குரல் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 60 டெசிபல் என்றால் இரண்டு மீட்டரில் 54, நான்கு மீட்டரில் 48. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் உள்ள இடைவெளி அங்குல அளவில் தெரிவதைவிடப் பெரிது.

சத்தம் வருகிறது என்று சன்னல்களை மூடினால் என்ன ஆகும்? நம் கணக்கு அறையில் 30 மாணவர் இருக்கும்போதும் முழக்க நேரம் 0.9 நொடியிலிருந்து 1.4 நொடியாக உயர்ந்துவிடும். திறந்தால் இரைச்சல், மூடினால் முழக்கம். பின்சுவரை உறிஞ்சும் சுவராக மாற்றியிருந்தால் எல்லாவற்றையும் மூடினாலும் 0.8 நொடிதான். வெயில் காலத்தில் முழுவதும் மூட முடியாது. சாலைப் பக்கச் சன்னல்களை மட்டும் மூடி மறுபக்கம் திறந்து வைக்கலாம்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

1. இருக்கையை மாற்றுங்கள். நீண்ட வரிசைகளை ‘ப’ வடிவமாக்கினால் கடைசிக் குழந்தையின் தொலைவு குறைகிறது. சொல்வதை எழுதுதலின்போது அறையின் நடுவே நின்று சொல்லுங்கள்.

2. மெதுவாகப் பேசுங்கள். உரக்கப் பேசுவதைவிட இதுவே பயன் தரும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே முழக்கம் அடங்க நேரம் கிடைக்கிறது.

3. இரும்பு மேசை, நாற்காலிக் கால்களில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டுங்கள். தரையில் இழுபடும் சத்தம் பெருமளவு குறையும்.

4. கிறீச்சிடும் மின்விசிறியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். நாள் முழுதும் ஒலிக்கும் பின்னணி இரைச்சல் அதுதான்.

5. கீழ் வகுப்புகளில் தரையில் கோரைப்பாய் அல்லது ஜமுக்காளம் விரியுங்கள். தரையில் படும் ஒலியில் ஒரு பகுதியும், பொருள்கள் விழும் சத்தமும் குறையும்.

6. வகுப்பறை நூலகத்தைப் பின்சுவரில் அமையுங்கள். நிறைந்த புத்தக அலமாரி ஒலியை ஓரளவு உறிஞ்சும்; மீதியைப் பல திசைகளில் சிதறடிக்கும். சிதம்பரம் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் போன்ற இடங்களில் தூண் வரிசைகள் ஒலியைச் சிதறடிப்பதும் இவ்வாறே.

சிறிது செலவில் ஒரு பின்சுவர்

பள்ளி மேலாண்மைக் குழுவின் துணையுடன் பின்சுவரைச் சரிசெய்யலாம். நீடித்த தீர்வு மரச்சீவலும் சிமெண்டும் சேர்த்து அழுத்திய பலகை. அது எளிதில் தீப்பற்றாது. மாணவர் படைப்புகளைப் பொருத்தும் காட்சிப் பலகையாகவும் பயன்படும். அதற்கு வழியில்லை என்றால் கனமான பருத்தித் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடலாம். மடிப்பில்லாமல் விறைப்பாகக் கட்டிய மெல்லிய துணி மிகக் குறைவாகவே உறிஞ்சும்.

எதைப் பொருத்தினாலும் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுவது நல்லது. காரணம் எளிது. நார்களுக்கிடையே காற்று அசையும்போது ஏற்படும் உராய்வில்தான் ஒலி வெப்பமாகி மறைகிறது. சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாது. சற்றுத் தள்ளியிருக்கும் காற்றுதான் அசையும். இடைவெளி இருந்தால் உயிரெழுத்தின் தாழ்ந்த ஒலிகளும் உறிஞ்சப்படும்.

கரும்பலகைப் பக்கச் சுவரையும் கூரையின் நடுப்பகுதியையும் மூட வேண்டாம். அவை ஆசிரியரின் குரலை உடனடியாகப் பின்வரிசைக்குத் திருப்பி அனுப்பி உதவுகின்றன. துணி எதுவும் மின்பெட்டி, கம்பி, விசிறிக்கு அருகிலோ வெளியேறும் வழியிலோ இருக்கக்கூடாது. மாதம் ஒருமுறை துவைக்க வேண்டும். தூசி சேர்ந்தால் இருமல் வரும்.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் முழக்கம் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அவை மெல்லியவை, உயர்ந்த ஒலிகளைச் சிறிது குறைக்குமே தவிர வேறு பயன் இல்லை. தெர்மோகோலின் துளைகள் மூடியவை. காற்று உள்ளே போக முடியாததால் அது உறிஞ்சுவதில்லை. இரண்டும் தீப்பிடிப்பவை.

பாடத்தைப் பதிவு செய்வோருக்கு

2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் நம்மில் பலர் வீட்டிலிருந்தே கைப்பேசியில் பாடங்களைப் பதிவு செய்தோம். படம் தெளிவாகவும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும் அமைந்த பதிவுகளை எல்லோரும் கேட்டிருக்கிறோம். குறை கைப்பேசியில் இல்லை, அறையில் உள்ளது.

பொருள்கள் நிறைந்த சிறிய படுக்கையறையைத் தேர்ந்தெடுங்கள். கையைத் தட்டிப் பாருங்கள். ‘ணங்’ என்று நீண்டால் அந்த இடம் வேண்டாம். துணிகள் அடுக்கிய பீரோவைத் திறந்து வைத்து அதை நோக்கிப் பேசுங்கள். முதுகுக்குப் பின்னால் கொடியில் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். அருகில் வரவர நேர்க்குரல் ஓங்கி, முழக்கம் பின்தங்கும். விசிறியை நிறுத்திவிட்டு, விடியற்காலையில் பதிவு செய்யுங்கள். சபைன் நள்ளிரவைத் தேர்ந்தெடுத்த அதே காரணம்தான்.

திறன்மிகு வகுப்பறையில் பாடல், காணொலி ஒலிபரப்பும்போதும் இது நினைவில் இருக்கட்டும். ஒலி அளவைக் கூட்டுவதைவிட மாணவரைத் திரைக்கு அருகே அமரச் செய்வது மேல்.

மாணவர் செயல்பாடு

எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு இதையே செயல்திட்டமாகத் தரலாம். அறையை அளந்து சபைன் கணக்கைச் செய்யட்டும். பின்பு பத்து இணைச் சொற்களை (எடு–எட்டு, கதை–கத்தை, குடி–குட்டி, படு–பாடு, கல்–கால் போன்றவை) ஒருவரே ஒரே குரல் அளவில் வாசிக்க, மற்றவர்கள் மூன்று இடங்களில் கேட்டு எழுதட்டும்: மூடிய அறையின் கடைசி வரிசை, அதே அறையின் முதல் வரிசை, மரத்தடி. வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் சொற்களின் வரிசையை மாற்ற வேண்டும். எங்கள் மாணவர்களுடன் செய்தபோது முதல் வரிசையிலும் மரத்தடியிலும் ஒற்றைச் சரியாக எழுதியவர்களில் சிலரே கடைசி வரிசையில் அதைத் தவறவிட்டார்கள். தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து பேச இது ஒரு நல்ல வாய்ப்பு.

இந்தச் செயல்பாட்டில் இன்னொரு பயனும் கிடைக்கும். எந்த இடத்திலும், மரத்தடியிலும் கூட, தொடர்ந்து தவறவிடும் குழந்தை ஒன்று இருக்கலாம். சளி, காதில் சீழ் ஆகியவற்றால் ஏற்படும் கேள்விக்குறை வெளியே தெரியாது, குழந்தைக்கே தெரியாது. அக்குழந்தையைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும். செவித்துணைக் கருவி அணிந்த மாணவருக்கு முழக்கம் கூடுதல் சுமை. கருவி குரலோடு முழக்கத்தையும் பெரிதாக்கித் தருகிறது. அவருக்காக ஒரு சுவரைச் சரிசெய்தால் வகுப்பு முழுவதும் பயன்பெறும்.

அடுத்த முறை விடைத்தாளில் ஒற்றுப் பிழைகளைச் சுழிக்கும்போது, எந்த வரிசையில் அமர்ந்தவர் என்பதையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் பாருங்கள். பிழைகள் பின்வரிசையில் குவிந்திருந்தால், அந்த மாணவர்களுக்குக் கூடுதல் பயிற்சி தருவதற்கு முன் இடத்தை மாற்றி அமரச் செய்து, அதே சொற்களை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.